மீன்கார அக்காவின் மருந்து பில்கள்

மெடிக்கல் பில்லிங் என்று போர்டு மாட்டிய பிறகு எங்கள் அறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தலைவலி மாத்திரை கேட்டார்கள். மீதிப் பேர் திண்டிவனம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் என் மச்சான்தான் பதில் சொல்வான். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால், வெளியே தெரியாத மாதிரி நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருப்பேன். புது ஆளிடம் பேச வேண்டும் என்றால் எனக்கு இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வயது ஐம்பதை நெருங்குகிறது, இது மட்டும் மாறவில்லை.

அறை கோரிமேட்டில் இருந்தது. அந்த இடத்தைப் பிடித்தது என் யோசனை. விழுப்புரம் பக்கத்திலிருந்தும் திண்டிவனம் பக்கத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக நோயாளிகள் வந்து இறங்குகிறார்கள், அவர்களில் கொஞ்சம் பேர் வந்தாலே போதும் என்று நினைத்தேன். அவர்கள் எல்லாரும் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், இன்ஷூரன்ஸுக்கு அனுப்புகிற மாதிரி பில் அவர்கள் கையில் இருக்காது என்பது அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் உறைத்தது. இடத்தைக் காட்டிய புரோக்கருக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். நல்ல இடம், நல்ல இடம் என்று அவர் அத்தனை தடவை சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். மில்லில் வேலை பார்த்தேன். மில்லை மூடிய பிறகு ஒரு நர்சிங் ஹோமில் செக்யூரிட்டி ஆனேன். பில் கவுண்டர் வாசலில் எனக்கு ஒரு ஸ்டூல். டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் கத்தை கத்தையாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு, எதை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் முழிப்பதை அங்கே உட்கார்ந்தபடி பல வருஷம் பார்த்தேன். காண்ட்ராக்ட் மாறியதும் என்னை நிறுத்திவிட்டார்கள். என் மனைவியின் தம்பி அப்போதுதான் சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடுகிற கம்பெனியில் இருந்தவன்.

“மாமா, அமெரிக்காக்காரனுக்கே நம்ம ஆளுங்கதான் பில்லு போடறானுங்க. நம்மூரு பில்லு போட மாட்டமா? ஆஸ்பத்திரியில காச கட்டிட்டு வந்தவங்க பேப்பர வாங்கி, ஒழுங்குபடுத்தி, இன்ஷூரன்ஸுக்கு அனுப்புறோம். பணம் திரும்ப வந்தா நமக்கு ஒரு பங்கு.”

“எனக்கு என்னாடா தெரியும் அதப் பத்தி?”

“உனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். நீ ஆளக் கூட்டியா. மீதிய நான் பாத்துக்கறேன்.”

உனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். மில்லில் கடைசியாகக் கையெழுத்து வாங்கியபோதும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனாலும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது பரவாயில்லை என்று சரி சொன்னேன்.

அறையைத் திறந்த நாளிலிருந்து மச்சானைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு அடிக்கடி போன் வரும். உள்ளே உட்கார்ந்து பேச மாட்டான். பக்கத்துக் கடையைத் தாண்டிப் போய், ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவான். நான் எட்டிப் பார்த்தால் முதுகைத் திருப்பிக்கொள்வான். திரும்பி வந்ததும், எதுவும் நடக்காத மாதிரி விறுவிறுவென்று டைப் அடிப்பான். யாரோடு பேசினாய் என்று கேட்டால், “ஃப்ரெண்டு மாமா” என்பான். நண்பனோடு பேச எதற்கு வாயை மூட வேண்டும்? ஏதாவது மருந்துக் கடையோடு ரகசியமாக கமிஷன் பேசுகிறானா, எனக்குத் தெரியாமல் இன்னொரு கணக்கு ஓட்டுகிறானா என்று மனது எங்கெங்கோ போனது. மனைவியிடம் சொல்ல முடியாது. அவளுடைய தம்பி.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை மீன்கார அக்காவுடையது. முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் உட்கார்ந்து மீன் விற்பவர், ஊர் வீராம்பட்டினம். அறுபது வயதைத் தாண்டியவர். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வலது முட்டியை மாற்றிக்கொண்டு, மறுபடியும் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார். மகன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அந்தக் கம்பெனி இன்ஷூரன்ஸில் அம்மாவுக்கும் சேர்த்துதான். ஆனால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ்காரர்கள் நேரே பணம் கட்டுகிற பட்டியலில் இல்லை. முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பில்களை அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இடது முட்டி பாக்கி இருந்தது. அதையும் சீக்கிரம் மாற்றாவிட்டால் பாரம் முழுக்கப் புது முட்டியில் ஏறி, அதுவும் கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் பணம் திரும்பி வந்தால்தான் இரண்டாவது ஆபரேஷன் என்று மகன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

“இந்தக் காலு என்னுது, அந்தக் காலு டாக்டருது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசறதில்ல தம்பி,” என்றார் அக்கா, மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

நான் தயங்கித் தயங்கி எங்கள் அறையைப் பற்றிச் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ மில்லுல இருந்தவன்தான? பில்லுக்கும் உனக்கும் என்னா?”

“மச்சானுக்குத் தெரியும்க்கா.”

“ஒரிஜினல உங்கிட்ட குடுத்துட்டு, நாளைக்கி நீ நான் வாங்கவே இல்லன்னுட்டா, நான் எங்க போயி முட்டிக்கறது?”

“ஒரிஜினல்தாங்க்கா அவங்க கேப்பாங்க.”

“எவங்க? எங்க இருக்காங்க? நீ பாத்திருக்கியா அவங்கள?”

நான் பார்த்ததில்லை. இன்ஷூரன்ஸ் என்பது எனக்கும் போனில் பேசுகிற ஒரு குரல்தான். அக்கா இவ்வளவு கேட்ட பிறகு எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. கிளம்பும்போது, மச்சான் சொல்லிக்கொடுத்திருந்ததை மட்டும் ஒப்பித்தேன்.

“கசங்காம, நனையாம, கிழியாம எடுத்துக்கினு வாங்கக்கா. ஒரு எழுத்து மாறினாலும் தள்ளிடுவாங்க.”

அடுத்த வாரம் அக்கா ஆட்டோ பிடித்து கோரிமேட்டுக்கே வந்துவிட்டார். மடியிலிருந்து ஒரு பையை எடுத்து மேஜை மேல் வைத்தார். உள்ளே இருந்ததெல்லாம் தட்டையாக, பளபளவென்று, ரேஷன் கார்டு கணக்காக இருந்தது. தவளக்குப்பத்தில் ஒரு கடையில் கொடுத்து ஒன்று விடாமல் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“நனையாது, மடங்காது, கிழியாது. முக்கியமா, எவனும் ஒரு எழுத்த மாத்த முடியாது,” என்று சொல்லி என்னைப் பார்த்தார். எவனும் என்றது என்னைத்தான்.

ஆஸ்பத்திரி பேப்பர்கள் படிக்கிற மாதிரிதான் இருந்தன. மச்சான் அடியில் இருந்த மருந்துக் கடை பில்களை எடுத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாம் கன்னங்கரேலென்று இருந்தன. ஒரு எழுத்து தெரியவில்லை. மருந்துக் கடை மெஷினிலிருந்து சுருளாக வருகிற வழுவழுப்புத் தாள் சூடு பட்டால் முழுக்கக் கறுத்துவிடும். லேமினேஷன் மெஷினுக்குள் சூட்டுக்கு என்ன குறை?

“அக்கா, இது கறுத்துப்போச்சே. நீங்க பாக்கலியா?”

“பாத்தேன். கேட்டேன். கம்ப்யூட்டருல போட்டா தெரியும்னான் கடைக்காரன். போடு, பாப்போம்.”

மச்சான் என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். எங்கள் பார்வையிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தது வேறு விதமாக.

“ரெண்டு பேரும் சேந்துக்கினு என்னா கண்ண காட்டிக்கிறீங்க? தெரியறத தெரியலன்னு சொல்லி அமுக்கப் பாக்கறீங்களா?”

எல்லாவற்றையும் பைக்குள் திரும்பப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, முடிவு சொன்னால்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார். மச்சான் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

“மாமா, ஒண்ணு பண்ணலாம். மருந்து நெஜம், வாங்கினது நெஜம், காசு கட்டினது நெஜம். தாளு மட்டுந்தான் போச்சு. அதே மாதிரி நாமளே அடிச்சிடலாம். யாருக்குத் தெரியும்?”

இத்தனை நாள் மனதில் இருந்தது அப்போது வாய்க்கு வந்துவிட்டது.

“இதுக்குத்தானாடா தெனமும் ஓரமா போயி பேசற? எத்தன பேருக்கு இந்த மாதிரி அடிச்சிக் குடுத்த?”

அவன் திகைத்து நின்றான். நான் அவனிடம் குரலை உயர்த்தி அதுவரை பேசியதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“எனக்கு பில்லிங் தெரியாது மாமா.”

“என்னாது?”

“அந்தக் கம்பெனியில நான் வண்டி அனுப்புற வேல பாத்தேன். நைட்டு ஷிப்டுக்கு வர்ற புள்ளைங்கள்ல யாரு எந்த வண்டியில ஏறணும்னு பாக்கறது. பில்லு போடறவன் ஒருத்தன் சிநேகிதம். ஒவ்வொண்ணும் அவனக் கேட்டுக் கேட்டுத்தான் பண்றேன். உன் எதுர பேசினா தெரிஞ்சிடும்னுதான்...”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருட்டு இருக்கிறது என்று நான் மோப்பம் பிடித்தது சரி. ஆனால் அது நான் நினைத்த திருட்டு இல்லை. தெரியாத இரண்டு பேர், தெரியாத தொழிலுக்கு போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே ஒரு அம்மா முட்டியை நீட்டிக்கொண்டு எங்களை நம்பாமல் காத்திருக்கிறார். அவர் நம்பாததுதான் சரி.

“அவனுக்கு இப்பவே போன் போடு. என் எதுர பேசு,” என்றேன்.

அந்த நண்பன் போனிலேயே கத்தினான். போலி பில் அடித்தால் அந்தம்மா பேரே கறுப்புப் பட்டியலில் போகும், இரண்டாவது ஆபரேஷனுக்கு ஒரு காசு வராது, மகன் வேலைக்கும் ஆபத்து என்றான். மருந்துக் கடைக்கே போய், அவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து மறுபிரதி எடுத்து, சீல் போட்டு வாங்குங்கள். என்ன நடந்தது என்று உள்ளதை எழுதி, கறுத்த பில்லையும் சேர்த்து அனுப்புங்கள். சந்தேகப்பட்டு ஆள் அனுப்புவார்கள், அனுப்பட்டும் என்றான்.

அக்காவும் நானும் மட்டும் போனோம். மருந்துக் கடை, அக்காவுக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. கறுத்த பில்களை அக்கா கவுண்டரில் பரப்பினார். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“டூப்ளிகேட்டு தர்றதில்லம்மா. அத வெச்சி ரெண்டு எடத்துல காசு வாங்கறாங்க. ஆமா, இவரு யாரு? புரோக்கரா?”

“அதத்தான் நானும் கேட்டுக்கினு இருக்கேன்,” என்றார் அக்கா.

எனக்கு முகம் எரிந்தது. திரும்பி நடந்துவிடலாம் என்று கால் தானாகத் திரும்பியது. அதற்குள் அக்கா கடைப் படியில் உட்கார்ந்து, வலது காலை வாசலுக்குக் குறுக்கே நீட்டிவிட்டார். வருகிறவர்கள் தாண்டித்தான் போக வேண்டும்.

“ஏம்பா, உன் தாளு சூடு பட்டா கருகிப்போவும்னு எங்கிட்ட சொன்னியா நீ? வெயில்ல வெச்சா கெட்டுப்போவும், சீக்கிரம் ஆக்கிடுன்னு சொல்லித்தான் நான் மீனையே விக்கறேன். நீ படிச்சவன், சொல்லாம வித்துட்ட.”

“அம்மா, வழிய விடுங்க. கஸ்டமர் வர்றாங்க.”

“நானும் கஸ்டமருதான். இன்னொரு காலு பாக்கி இருக்குது. அதுக்கும் மருந்து உங்கிட்டதான் வாங்கணும்னு நெனச்சேன். பக்கத்துக் கடையில வாங்கிக்கறேன், போ.”

கடைக்காரர் யோசித்தார். அப்போது நான், “அவங்க போன் நம்பர போட்டுப் பாருங்க சார். ஆபரேஷன் நடந்த மாசத்துல எல்லாம் இருக்கும்,” என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்வதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. அவர் தேடினார். எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக அடித்து, மறுபிரதி என்று எழுதி, சீல் குத்தினார். அக்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கினார். என் கையில் தரவில்லை. கோரிமேடு வரை அவர் மடியில்தான் வந்தன. மச்சான் ஸ்கேன் செய்து, கவரில் போட்டு ஒட்டுகிறவரை பக்கத்திலேயே நின்றார். கூரியர் ஆபீஸுக்கும் கூடவே வந்தார்.

வீராம்பட்டினத்தில் தேர்த் திருவிழா முடிந்த வாரம், சந்தேகம் அக்கா வீட்டு வாசலில் பைக்கில் வந்து இறங்கியது. தோளில் பையோடு ஒரு இளைஞர். இன்ஷூரன்ஸிலிருந்து விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னாராம். அக்கா மச்சானுக்கு போன் செய்தார். மச்சான் போகப் பயந்ததால் நான் போனேன்.

நான் போனபோது அந்த இளைஞர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்த டீயை அவர் தொடவில்லை. அக்காவின் கண் அந்த டீயிலேயே இருந்தது.

“டீ கூட குடிக்காதவன எப்பிடி நம்பறது?” என்று என் காதருகே சொன்னார். அது அவருக்கும் கேட்டிருக்கும்.

“நீங்க யாரு சார்?” என்று அவர் என்னைக் கேட்டார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

“தெரிஞ்சவரு,” என்றார் அக்கா.

அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எந்தக் கால், எத்தனை நாள் படுத்திருந்தீர்கள், டாக்டர் எப்படி இருப்பார், பில் எப்படிக் கறுத்தது. லேமினேஷன் என்றதும் அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நம்பாத சிரிப்பு. எத்தனையோ கதை கேட்டவர் போலிருந்தது. கடைசியில் தயங்கிக்கொண்டே கேட்டார்.

“தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. ஆபரேஷன் நெஜமாவே நடந்துச்சா?”

அக்கா சுவரைப் பிடித்து எழுந்து, புடவையை முட்டிக்கு மேலே தூக்கினார். முட்டியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நீளத் தழும்பு, இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“பாத்துக்க. தொட்டுப் பாரு. தையல எண்ணிக்க. உன் ஆபீசரு வரணும்னாலும் வரச் சொல்லு, அவருக்கும் காட்டறேன்.”

அந்த இளைஞர் எழுந்து நின்றுவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி போட்டோ எடுத்தார். பிறகு, இன்னொரு காலையும் ஒரு தடவை காட்ட முடியுமா என்றார். அக்கா காட்டினார். அது வீங்கி, வெளிப்பக்கம் வளைந்து இருந்தது. எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் என்று அவர் மெதுவாகச் சொன்னார். பைக்கில் ஏறுவதற்கு முன்னால், ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து அக்காவுக்கு இன்னும் சந்தேகம்.

“ஏன் இப்ப குடிச்சான்?”

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்காவின் மகனுக்கு மச்சான் போன் செய்தால், “பாக்கறேன்” என்று சொல்லி வைத்துவிடுவான். திடீரென்று ஒரு நாள் அக்கா தெருமுனைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

“பணம் வந்திருக்கும் மாமா. நம்ம பங்கு கோவிந்தா,” என்றான் மச்சான்.

அப்படி இருக்காது என்று வாய் சொன்னது. மனது அவன் பக்கம் நின்றது. அத்தனை சந்தேகப்பட்டவர்கள் கடைசியில் நமக்கே பட்டை நாமம் போட்டுவிட்டார்களே என்று குமைந்தேன். ஒரு காலையில் வீராம்பட்டினத்துக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்படிச் சொல்லச் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. பார்த்துவிடலாம் என்று அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன்.

அக்கா நிஜமாகவே படுத்திருந்தார். இடது காலில் பெரிய கட்டு. மருமகள் சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

“வந்துட்டியா? பணம் வந்துச்சின்னு சொல்லலன்னு வேவு பாக்கத்தான வந்த?”

“இல்லக்கா. சும்மா, பாத்துட்டுப் போலாம்னு.”

“உனுக்குப் பொய் சொல்லவே வரல தம்பி. வேற தொழில் பாரு.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: “வந்துச்சு. கொஞ்சம் புடிச்சிக்கினு மீதிய போட்டுட்டாங்க. உங்கிட்ட சொன்னா பங்க கேட்டு நிப்ப. மவன் அதுல மனசு மாறிடுவான். மொதல்ல காலு, அப்புறம் நீ. அதான் சொல்லல.”

 அந்தக் கணக்கில் என்னால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது நர்ஸ் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்றைக்கு எழுந்து நிற்க வேண்டும் என்றார். மருமகள் வரட்டும் என்றார் அக்கா. டாக்டர் ரவுண்டு வந்துவிடுவார், இப்போதே நில்லுங்கள் என்று நர்ஸ் விடவில்லை. என்னைப் பார்த்து, “சார், அந்தப் பக்கம் புடிங்க,” என்றார். நான் போய் நின்றேன். அக்கா ஒரு கையால் வாக்கரையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து எழுந்தார். தோளில் அவர் விரல்கள் ஆணி மாதிரி இறங்கின. நின்றுவிட்டார். 

“தம்பி, கீழ குனிஞ்சி பாரு. ரெண்டு காலும் ஒரே ஒசரமா இருக்குதா? ஒண்ண நீட்டமா வெச்சிட்டானுங்களா?”

நர்ஸ் சிரித்துக்கொண்டே அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு குதிகாலும் தரையில் பட்டிருந்தன.

“சரியாத்தான்க்கா இருக்குது.”

“பாத்து சொல்றியா, என்ன சமாதானம் பண்ண சொல்றியா?”

நான் தரையில் உட்கார்ந்து, மறுபடியும் பார்த்தேன்.